74 பிரேக் அடிக்கிற தம்பி ஸ்னூக்கரைத் தொழிலாக எடுக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். தம்பிக்கு 17 வயது, உயர்தரம் முதலாம் வருடம். யாழ்ப்பாண நகரில் ஒரு கிளப்பில் மூன்று வருடமாக ஸ்னூக்கர் விளையாடுகிறான். அங்கே அவனை வெல்ல ஆளில்லை. ஆகக் கூடிய பிரேக் (மேசைக்கு வந்த ஒரே தடவையில் தவறாமல் தொடர்ந்து எடுத்த புள்ளி) 74. அவன் தொழில்முறை வீரராக வரலாமா, வரலாமென்றால் எத்தனை வருடம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "படிப்பை விடப் போறன் எண்டு நிக்கிறான், அம்மா சாப்பிடுறாவும் இல்லை." நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான். திறமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இப்போதே படிப்பை விட்டால்தான் அந்தத் திறமை பிழைக்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு அவனுடைய ஆட்டத்தைப் பார்க்காமல் யாரும் விடை சொல்ல ஏலாது, நானும் சொல்லமாட்டேன். எப்படி அளக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டாவதற்கு என் விடை, தேவையில்லை என்பது. இளம் பெடியளுக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிய வருடங்களில் தெரிந்ததைக் காரணத்தோடு எழுதுகிறேன்.

முதலில் தொழில்முறை வீரர் என்றால் என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கவேண்டும். நன்றாக விளையாடினால் தானாகக் கிடைக்கும் பட்டம் இல்லை அது. உலகத் தொழில்முறைச் சுற்றில் ஏறத்தாழ 128 இடங்கள்தான் உண்டு. அதில் ஒரு இடம் கிடைத்தால் இரண்டு பருவங்களுக்கு விளையாடும் உரிமை வரும். அதைத்தான் டூர் கார்ட் என்கிறார்கள். தரவரிசை முழுக்கப் பரிசுக் காசை வைத்துக் கணக்கிடப்படுகிறது, கடைசி இரண்டு வருடங்களில் யார் எவ்வளவு வென்றார் என்பதுதான் கணக்கு. புதிதாக வருபவர் பூச்சியத்தில் தொடங்குவார். இரண்டு பருவம் முடியும்போது முதல் 64 பேருக்குள் நிற்கவேண்டும், அல்லது அந்த ஒரு வருடக் கணக்கில் முன்னால் நிற்கும் சிலரில் ஒருவராக இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் கார்ட் போய்விடும், மறுபடி தகுதிச் சுற்றில் இருந்து வரவேண்டும். ஆகவே எத்தனை வருடத்தில் தொழில்முறை வீரராகலாம் என்பதைவிட, ஆனபிறகு அந்த இரண்டு பருவத்தையும் எப்படிக் கடக்கப் போகிறான் என்பதுதான் பெரிய கேள்வி.

இந்த இடத்தில் எல்லாப் பெடியளும் இங்கிலாந்து வீரர் ரொனி ஓ'சலிவனின் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 10 வயதில் முதல் சதம் (100 அல்லது அதற்கு மேற்பட்ட பிரேக்), 15 வயதில் 147 என்ற உச்ச பிரேக், 1992இல் 16 வயதில் தொழில்முறை, 1993இல் 18 வயது நிறைய முதலே யூ.கே. சம்பியன்ஷிப் பட்டம். எல்லாம் உண்மை. ஆனால் 1992இல் ஆட்டத்தின் கதவு திறந்து கிடந்தது. கட்டணம் கட்டினால் யாரும் தொழில்முறை வீரராகலாம் என்ற காலம் அது. நூற்றுக்கணக்கானவர்கள் பிளக்பூல் நகரில் கூடித் தகுதி ஆட்டங்களை மாதக்கணக்காக ஆடினார்கள். ஓ'சலிவன் அங்கே தன் முதல் 76 ஆட்டங்களில் 74ஐ வென்றார். அந்த எண்ணில் எல்லோரும் 74ஐத்தான் பார்ப்பார்கள், நான் 76ஐப் பார்க்கச் சொல்வேன். ஒரே பருவத்தில், தன் மட்டத்தில் இருந்தும் அதற்குக் கீழிருந்தும் வந்தவர்களோடு அத்தனை ஆட்டங்கள் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இன்று கார்ட் எடுத்து உள்ளே வரும் 19 வயதுப் பெடியன் முதல் ஆட்டத்திலேயே உலகின் முதல் 32 பேரில் ஒருவரைச் சந்திக்கலாம். தோற்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான், அடுத்த போட்டி இரண்டு மூன்று கிழமை கழித்து. இப்படி ஒரு பருவம் முழுக்க அவன் ஆடும் உண்மையான ஆட்டங்கள் இருபதைத் தாண்டாமலே போகலாம். ஆட்டங்கள் குறைவாகக் கிடைப்பதால்தான் தோல்வி இளம் வீரர்களை உடைக்கிறது. பயிற்சியில் நூறு நூறாக அடிப்பவன் போட்டியில் 20க்கு மேல் போகாமல் நிற்பதை இங்கேதான் பார்ப்பீர்கள்.

உங்கள் தம்பி படிக்கவேண்டிய வரலாறு நீல் ரொபர்ட்சனுடையது. ஆஸ்திரேலியாவில் இருந்து 1998இல் தொழில்முறைக்கு வந்தார், தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியே போனார். 2003இல் நியூசிலாந்தில் 21 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை வென்று மீண்டும் உள்ளே வந்தார். முதல் தரவரிசைப் பட்டம் 2006இல், உலகச் சம்பியன் பட்டம் 2010இல். உலகச் சம்பியனாக வந்தவருக்கே தொடக்கத்தில் இருந்து முதல் பட்டம் வரை எட்டு வருடம். நம் பக்கத்தில் பார்த்தால், இந்தியாவின் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் சேர்த்து 20க்கு மேற்பட்ட உலகப் பட்டங்கள் வைத்திருப்பவர். அவர் 2012இல் தொழில்முறைச் சுற்றுக்குப் போய் 2014இல் அதை விட்டு ஊர் திரும்பினார். திறமைக் குறைவால் நடந்ததல்ல அது. வருடத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தில் தங்கவேண்டும், ஊரில் உள்ள போட்டிகளையும் விடவேண்டும், அந்தக் கணக்கு அவருக்குச் சரிவரவில்லை. இன்னொரு இந்திய வீரர் ஆதித்யா மேத்தா 2013இல் புதுடில்லியில் நடந்த தரவரிசைப் போட்டியில் இறுதியாட்டம் வரை போனார், சீனாவின் டிங் ஜுன்ஹுயியிடம் 5-0 என்று தோற்றார். இலங்கையர்களுக்கும் இந்த மேசையில் பெயர் உண்டு. 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியை வென்றவர் நம் நாட்டின் மொஹமட் லாபிர். அது ஸ்னூக்கர் இல்லை, காலமும் வேறு, ஆனாலும் இந்தத் தீவில் இருந்து யாரும் போனதில்லை என்று சொல்பவர்களுக்கு அது போதும்.

காசுக் கணக்கை ஒளிக்காமல் பேசவேண்டும். உலகச் சம்பியனுக்கு 5 இலட்சம் பவுண்ட் என்று தொலைக்காட்சியில் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் போட்டியின் பிரதானச் சுற்றில், ஷெபீல்ட் நகரின் குரூசிபிள் அரங்கில் ஆடுவது 32 பேர் மட்டும். கீழ்மட்ட வீரருக்கு, முதற்சுற்றில் தோற்றால் கையில் ஒன்றும் இல்லை என்ற நிலைதான் பல போட்டிகளில் நீண்டகாலம் இருந்தது. 2022-23 பருவத்தில்தான் ஒவ்வொரு தொழில்முறை வீரருக்கும் குறைந்தது 20,000 பவுண்ட் என்ற உறுதி வந்தது. அதுவும் மேலதிகக் கொடுப்பனவு இல்லை. அவர் வெல்லும் பரிசுக் காசு அந்தத் தொகைக்குள் கழிக்கப்படும். இங்கிலாந்தில் வாடகை, சாப்பாடு, பயிற்சி மேசைக் கட்டணம், சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானச் சீட்டு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அடங்காது. ஆதரவாளர் ஒருவர் வேண்டும், அல்லது வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை வேண்டும். நம்மவர்களுக்கு அந்த இரண்டாவது வழி பெரும்பாலும் இருக்கிறது, அதைச் சிறிய பலமாக நினைக்காதீர்கள். சீனப் பெடியள் பலர் ஷெபீல்டில் ஒன்றாகத் தங்கி, ஒரே பயிற்சிக்கூடத்தில் ஆளையாள் அடித்துப் பழகித்தான் மேலே வந்தார்கள்.

அந்த வாழ்க்கையின் மறுபக்கத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டும். 2023இல் பத்துச் சீன வீரர்கள் ஆட்டத்தை விற்றது, அதற்கு உடந்தையாக இருந்தது, பந்தயம் கட்டியது போன்ற குற்றங்களுக்காகத் தடை செய்யப்பட்டார்கள். இருவருக்கு ஆயுள் தடை. அந்தப் பத்துப் பேரில் ஒருவரான சாவோ சிந்தொங் தன் ஆட்டம் எதையும் விற்கவில்லை, ஆனால் இன்னொருவர் விற்றதற்கு உடந்தையாக இருந்தார், பந்தயமும் கட்டினார் என்று 20 மாதத் தடை பெற்றார். தடை முடிந்து அமெச்சூராகத் திரும்பி வந்து, 2025இல் உலகச் சம்பியனானார். ஆசியாவில் இருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள் அவர்தான். எல்லோருக்கும் அப்படி இரண்டாவது வாழ்வு கிடைக்காது. வீட்டைவிட்டுத் தூரத்தில், காசில்லாமல், மூத்த வீரர் ஒருவரின் தயவில் இருக்கும் 19 வயதுப் பெடியனிடம்தான் இந்தக் கதை முதலில் வரும். இங்கேயே கிளப்பில் பிரேமுக்கு (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு ஆட்டத்துக்கு) காசு வைத்து ஆடும் பழக்கம் இருந்தால், இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி 74 பற்றி. இதில் என் கணிப்பும் கலந்திருக்கும்.

ஆகக் கூடிய பிரேக் என்பது ஒரு நல்ல நாளின் கணக்கு. தெரிவுக்கு அது உதவாது. தம்பியிடம் ஒரு கொப்பி கொடுங்கள். அடுத்த 50 பிரேமுக்கு, பொட் பண்ணக்கூடிய (பொக்கெட்டுக்குள் விழுத்தக்கூடிய) பந்து கிடைத்து மேசைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் எத்தனை புள்ளி எடுத்தான், எதனால் முடிந்தது என்று எழுதட்டும். முடிவதற்கு மூன்று காரணம்தான்: பொட்டைத் தவறவிட்டான், கியூ கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அல்லது ரெட் எனும் சிவப்புப் பந்துகளின் குவியலை உடைக்கப் போய் ஒன்றும் கிடைக்கவில்லை. மொத்தப் புள்ளியை வந்த தடவைகளால் பிரித்தால் சராசரி வரும். கிளப்பில் ராசாவாக இருக்கும் பெடியளின் சராசரி பெரும்பாலும் 12, 15 என்றுதான் நிற்கும், அவர்களுக்கே அது அதிர்ச்சியாக இருக்கும். என் அளவுகோல் இது: சரியான மேசையில் பத்துப் பிரேமில் மூன்று நான்கிலாவது 50க்கு மேல் ஒரு பிரேக் வந்தால், தேசிய மட்ட இளைஞர் போட்டியில் தாக்குப்பிடிக்கலாம். கிழமைக்குப் பல சதங்கள், அதுவும் எதிராளி இருக்கும்போது வந்தால், தகுதிச் சுற்றுக்குக் காசு கட்டுவது வீண்போகாது. இந்த எண்கள் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, வேறொரு பயிற்றுநர் சற்று மேலோ கீழோ சொல்வார். ஆனால் 74 ஒருமுறை வந்தது என்பதை வைத்து எந்தப் பயிற்றுநரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

சரியான மேசை என்று சொன்னதுதான் யாழ்ப்பாணத்தில் சிக்கல். விதிப்படி மேசையின் ஆடுபரப்பு 3569க்கு 1778 மில்லிமீற்றர், பந்து 52.5 மில்லிமீற்றர். அந்த அளவு நம் கிளப் மேசைகளிலும் சரியாகவே இருக்கும். பிழையாக இருப்பது துணி, குஷன் (மேசையைச் சுற்றியுள்ள ரப்பர் ஓரம்), பொக்கெட் வாய் மூன்றும். ஸ்னூக்கர் துணிக்கு மயிர் உண்டு. அது ஆட்டத்தைத் தொடங்கும், டீ என்ற அரைவட்டம் இருக்கும் போக் முனையில் இருந்து, கறுப்புப் பந்து நிற்கும் பிளாக் முனையை நோக்கிப் படிந்திருக்கும். தொழில்முறை மேசையில் துணி மெல்லியது, வேகமானது, சிலேட்டுக்குக் கீழே சூடாக்கி வைத்திருப்பார்கள். அதனால் ஈரம் நிற்காது, குஷனும் உயிரோடு எகிறும். இங்கே கார்த்திகை, மார்கழி மழையில் துணி ஈரத்தைக் குடித்துக் கனத்துப் போகும். பந்து ஓடாது. பெடியன் என்ன செய்வான்? பலமாக அடிக்கப் பழகுவான். இரண்டு வருடம் அப்படி அடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு வேகமான மேசைக்குப் போனால், வெள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு அடி இரண்டு அடி கூட ஓடும். அங்கே அவன் தோற்பது பொட்டில் இல்லை, வெள்ளையை நிறுத்துவதில்.

பொக்கெட் வாய் இன்னும் ஏமாற்றும். பாவித்துத் தேய்ந்த மேசையில் குஷன் ஓரமாக வேகமாக வரும் பந்தும் தாடையில் (பொக்கெட் வாயின் ஓரத்தில்) பட்டு உள்ளே விழுந்துவிடும். போட்டி மேசையில் அதே பந்து இரண்டு தாடையிலும் ஆடி வெளியே நிற்கும். சோதிக்க இலகுவான வழி உண்டு. பக்கக் குஷனோடு ஒட்டி ஒரு ரெட்டை, மூலைப் பொக்கெட்டில் இருந்து நான்கு அடி தள்ளி வையுங்கள். நடுத்தர வேகத்தில் பத்து அடியுங்கள், பிறகு பலமாகப் பத்து. பலமாக அடித்ததும் பத்துக்கு ஒன்பது விழுந்தால், தம்பி கெட்டிக்காரன் என்று முடிவெடுக்கமுதல் மேசையைச் சந்தேகப்படுங்கள். அந்த மேசையில் தொடர்ந்து ஆடவேண்டியிருந்தால் ஒரு நிபந்தனை வைக்கட்டும்: பயிற்சியின்போது தாடையில் பட்டு விழுந்த பந்து தவறிய பந்து. கொப்பியிலும் அப்படியே எழுதவேண்டும்.

துணியைக் கவனிப்பதில் கிளப் உரிமையாளரோடு ஒரு ஒப்பந்தத்துக்கு வரலாம். காலையில் ஆட்கள் வரமுதல் இரண்டு மணித்தியாலம் தம்பிக்கு மேசை வேண்டும், பதிலுக்கு அவன் மேசையைப் பராமரிப்பான். பிரஷ் எப்போதும் போக் முனையில் இருந்து பிளாக் முனைக்கு ஒரே திசையில்தான் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. பிறகு ஸ்னூக்கர் மேசைக்கென்று உள்ள இஸ்திரிப் பெட்டியை அதே திசையில், ஓரிடத்திலும் நிறுத்தாமல் இழுக்கவேண்டும். முதலில் ஒரு பேப்பர் துண்டில் வைத்துப் பார்க்கவேண்டும், பேப்பர் நிறம் மாறினால் சூடு அதிகம். உடுப்பு அழுத்தும் பெட்டியை ஒருக்காலும் வைக்கவேண்டாம், துணி கருகினால் அந்த இழப்பை உங்களால் கட்ட ஏலாது. பந்துகளை ஒவ்வொரு நாளும் ஈரம் லேசாக உள்ள துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். சொக் தூள் ஒட்டிய பந்துதான் மோதும்போது கிக் அடித்துத் திசை மாறும். மேசையைத் தானே பராமரிப்பவனுக்குத் துணியின் குணமும் தெரியவரும். மெதுவாக நடுப் பொக்கெட்டுக்கு உருட்டும் பந்து பிளாக் முனைப் பக்கம் சாயும். மயிருக்கு எதிராக, பிளாக்கில் இருந்து போக் பக்கம், சைட் வைத்து (வெள்ளையின் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிட்டு) மெதுவாக அடித்தால் பந்து எதிர்ப்பக்கம் வளையும். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கையால் பிரஷ் பிடித்தவனுக்குக் கெதியாக விளங்கும்.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன செய்வது? முதல் 20 நிமிடம் பொட்டே வேண்டாம். வெள்ளையைப் பிரவுண் புள்ளியில் வைத்து, புளூ, பிங்க், பிளாக் புள்ளிகளுக்கு மேலால், பிளாக் முனையில் உள்ள மேல் குஷனுக்கு அடிக்கவேண்டும். அது அதே கோட்டில் திரும்பி வந்து கியூவின் நுனியைத் தொடவேண்டும். எப்போதும் ஒரே பக்கம் விலகினால், அடிக்கும்போது அறியாமல் சைட் போடுகிறான். வெள்ளையின் நடுவில் கியூ படவில்லை, அல்லது முழங்கை வெளியே போகிறது. மேசை சரிவா, கையில் பிழையா என்று பிரிக்க ஒரு வழி: விலகல் குஷனில் பட்டபின் உடனே வந்தால் கைப்பிழை, பந்து ஓய்ந்து நிற்கப்போகும் கடைசி அடியில் வந்தால் மேசைச் சரிவு. இதற்கு அடுத்து நீண்ட புளூ. புளூ அதன் புள்ளியில், வெள்ளை போக் கோட்டின் மேல். போக் முனையில் உள்ள ஒரு கீழ் மூலைப் பொக்கெட்டில் இருந்து புளூவின் ஊடாக எதிர் மேல் மூலைக்குப் போகும் நேர்கோட்டில் வெள்ளை இருக்கவேண்டும். இருபது அடித்து, எத்தனை விழுந்தது என்பதோடு எத்தனை தடவை வெள்ளை மோதிய இடத்திலேயே நின்றது என்பதையும் எழுதவேண்டும். புளூ விழுந்தும் வெள்ளை பக்கமாக நழுவினால் குறி முழுப்பந்தாக இருக்கவில்லை, பொக்கெட்டின் அகலம் காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு வரிசைப் பயிற்சி. 15 ரெட்டையும் புளூவில் தொடங்கிப் பிளாக்குக்குப் பின்னால் வரை புள்ளிகளின் நேர்கோட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, நிறப் பந்துகளை அவற்றின் இடத்தில் வைத்து, ரெட், நிறம், ரெட், நிறம் என்று எடுக்கவேண்டும். தவறினால் மீண்டும் அடுக்கவேண்டும். பத்து முயற்சியின் சராசரிதான் கணக்கு, ஆகக் கூடியது அல்ல. சராசரி 50ஐத் தாண்டியபின், வெள்ளை வேறு பந்தில் படக்கூடாது என்று ஒரு விதி சேர்க்கலாம். அதோடு சராசரி பாதியாக விழும், பயப்படவேண்டாம். இந்தப் பயிற்சியின் நோக்கமே வெள்ளையைச் சின்னத் தூரம் மட்டும் நகர்த்தப் பழகுவதுதான். சதம் அடிப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலான அடியில் வெள்ளை இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது.

தற்காப்பு ஆட்டத்தை (எதிராளிக்கு இலகுவான பந்து விடாமல் ஆடுவதை) மட்டும் தனியாகப் பழக முடியாது, அதற்கு எதிராளி வேண்டும். அங்கே எவரும் அவனை வெல்வதில்லை என்று நீங்கள் பெருமையாக எழுதியதைத்தான் நான் கவலையோடு படித்தேன். தோற்காதவன் தற்காப்பு பழகமாட்டான். எதிராளிகளுக்கு 30, 40 புள்ளி முன்கூட்டிக் கொடுத்து ஆடட்டும். கிளப்பில் பெரும்பாலும் விடுகிற 'மிஸ்' விதியையும் கட்டாயம் வைக்கட்டும். ஸ்னூக்கரில் (ஆடவேண்டிய பந்தை வேறு பந்து மறைத்து நிற்கும் நிலையில்) இருந்து வெளியே வரும்போது ஆடவேண்டிய பந்தில் படாவிட்டால் தண்டப்புள்ளி மட்டும் இல்லை, பந்துகளைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் ஆடு என்று எதிராளி கேட்கலாம். நேராக முழுப்பந்தும் தெரியும் நிலையில் மூன்று தடவை தொடர்ந்து தவறினால் பிரேமே போய்விடும். இதைப் பழகாமல் தேசியப் போட்டிக்குப் போன பெடியள் ஒரே ஸ்னூக்கரில் 20 புள்ளி கொடுத்துவிட்டு முழிப்பதை அடிக்கடி காணலாம்.

கியூ பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 57 அல்லது 58 அங்குலம், 17 முதல் 19 அவுன்ஸ், 9.5 மில்லிமீற்றர் அளவில் ரிப் (நுனியில் ஒட்டும் தோல்), ஆஷ் மரம். இதற்குள் கைக்குப் பிடித்த ஒன்று போதும், விலை கூடியதால் விழும் பந்து கூடிவிடாது. ஒன்றை எடுத்தபின் மாற்றக்கூடாது. விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முக்கால் நீளத்தில் கழற்றிப் பூட்டும் இணைப்பு உள்ள கியூவும் கடினமான பெட்டியும் வேண்டும். கொழும்பு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் போகும்போது கியூவைக் கீழ்ப் பெட்டிக்குள் போடாமல் கையோடு வைத்திருக்கவேண்டும், வெக்கையில் மரம் வளையும். புதிய ரிப்பைப் போட்டிக்கு முதல்நாள் ஒட்டுபவன் முதற்சுற்றில் வீட்டுக்கு வருவான். ஒரு கிழமையாவது அடித்துப் படியவிடவேண்டும்.

இனிப் பாதை. இலங்கையின் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சங்கம் நடத்தும் தேசியப் போட்டிகள்தான் முதற்படி. சர்வதேசச் சம்மேளனத்தின் 21 வயதுக்குட்பட்டோர் போன்ற இளையோருக்கான உலகப் போட்டிகளுக்கும் ஆசியப் போட்டிகளுக்கும் ஆட்களை அனுப்புவது தேசியச் சங்கம், தனியாளாக நுழைய முடியாது. அதனால் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு அடித்தாலும் கொழும்பில் பெயர் பதியாமல் ஒன்றும் நடக்காது. இரண்டாவது வழி கியூ ஸ்கூல். அது தகுதிச் சுற்று, காசு கட்டி யாரும் நுழையலாம், ஏழு பிரேமில் முதலில் நான்கை எடுப்பவர் வெல்வார். முன்பு இங்கிலாந்தில் மட்டும் நடந்தது. 2022இல் ஆசியா, ஓசியானியாவுக்கென்று பாங்கொக்கிலும் நடத்தத் தொடங்கினார்கள். நம்மவர்களுக்கு இது பெரிய மாற்றம், செலவும் விசாத் தொல்லையும் கனக்கக் குறைவு. இந்தியாவின் இஷ்ப்ரீத் சிங் சத்தா கியூ ஸ்கூல் வழியால்தான் உள்ளே போனார். எந்தப் பட்டத்துக்குக் கார்ட் கொடுக்கிறார்கள், எத்தனை கொடுக்கிறார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஆகவே யாராவது பழைய கணக்கைச் சொன்னால் நம்பாமல் உலகச் சுற்றின் தளத்தில் அந்தந்தப் பருவத்து அறிவித்தலைப் பாருங்கள். பாங்கொக்கில் கார்ட் கிடைத்தாலும் பெரும்பாலான தகுதி ஆட்டங்கள் இங்கிலாந்தில்தான் என்பதையும் மறக்கவேண்டாம். விசா பிந்தினால் போட்டி காத்திருக்காது.

இப்போது வயதுக் கணக்கைப் பாருங்கள். உயர்தரம் எழுதி முடிக்கும்போது தம்பிக்கு 18 அல்லது 19. 21 வயதுக்குட்பட்ட போட்டிகளில் இரண்டு வருடமாவது மிச்சம் இருக்கும். இப்போது படிப்பை விட்டால் கூடுதலாகக் கிடைப்பது பகல் நேரம் மட்டும். அந்தப் பகல் நேரத்தில் அவனோடு சமமாக ஆட யாழ்ப்பாணத்தில் ஆளில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனியாக ஆறு மணித்தியாலம் பந்து தட்டுவதைவிட, காலை இரண்டு மணித்தியாலம் கொப்பியோடு பழகி, பாடசாலை விடுமுறைகளில் கொழும்பில் பத்து நாள் தங்கித் தன்னைவிடப் பெரியவர்களிடம் அடி வாங்குவது பல மடங்கு பயன். பெரியவர்களும் ஒரு வாக்குக் கொடுக்கவேண்டும். உயர்தரம் எழுதியபின் ஒரு வருடம் முழுதாக அவனுக்கு விடுவோம், பல்கலைக்கழகம், வெளிநாடு என்று அந்த வருடம் யாரும் வாய் திறக்கமாட்டோம் என்று அம்மா தன் வாயால் சொல்லவேண்டும். அந்த வாக்கு இல்லாவிட்டால், பிறகு ஆட விடமாட்டார்கள் என்ற பயத்தில் அவன் இப்போதே படிப்பை விடுவான்.

கொப்பியின் முதல் 50 பிரேமும் முடிந்ததும் சராசரியையும், மூன்று காரணங்களில் எது எத்தனை தடவை என்பதையும் இங்கே பதிவிடுங்கள். பக்கவாட்டில் இருந்தும் நேர் முன்னால் இருந்தும் நீண்ட புளூ இருபதையும் தொலைபேசியில் எடுத்துப் போட்டால், நிற்கும் முறையையும் முழங்கையையும் பார்த்துச் சொல்லலாம்.